சத்தியம், ஆணை, நேர்ச்சை, வாக்கு: எந்தச் சொல் எதைக் கட்டுகிறது?

நம்ம குமரி மாவட்டத்தில் ஒரு நாள் முழுக்கக் காதைத் தீட்டி வைத்திருந்தால் போதும், வாக்குக் கொடுக்க எத்தனை சொற்கள் புழங்குகின்றன என்று தெரிந்துவிடும். "நான் எடுக்கல்ல, அம்மையாணை" என்பான் பையன். "சத்தியமாட்டு நாளைக்குத் தாறேன்" என்பார் கைமாற்று வாங்கியவர். "பிள்ளை பாஸானா மண்டைக்காட்டுக்கு வாறேன்னு நேந்திருக்கேன்" என்பார் பக்கத்து வீட்டு அம்மா. வக்கீல் ஆபீஸ் போனால் பிரமாணப் பத்திரம், பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி, கன்னியர் மடத்தில் வார்த்தைப்பாடு. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான், ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டுப் பாருங்கள், வாக்கியமே உதைக்கும். "கோர்ட்டில் சாட்சி நேர்ச்சை செய்தார்" என்று யாரும் எழுத மாட்டார்கள்.

ஏன் உதைக்கிறது என்பதற்குத் தொல்காப்பியத்திலேயே ஒரு திறவுகோல் இருக்கிறது. புறத்திணையியலில் காஞ்சித் திணையைச் சொல்லும்போது வஞ்சினம் என்ற ஒன்றை அது விளக்குகிறது: "இன்னது பிழைப்பின் இதுவாகியர்". இந்தக் காரியத்தில் நான் தவறினால் எனக்கு இது ஆகட்டும், அவ்வளவுதான். இதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தை யாரும் சொல்லிவிட முடியாது என்பது என் எண்ணம். முதல் பாதி, செய்யப்போகிற காரியம். இரண்டாம் பாதி, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது. மேலே சொன்ன சொற்கள் எல்லாவற்றுக்கும் முதல் பாதி ஏறத்தாழ ஒன்றுதான், இரண்டாம் பாதியில்தான் அவை பிரிகின்றன. யார் தண்டிப்பார், எது பறிபோகும், யார் நம்மை விடுவிக்கலாம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் பழைய சொற்களைப் பார்த்துவிடுவோம். வஞ்சினம் என்றால் போருக்குப் போகும் அரசன் சபையில் எல்லார் முன்னாலும் சொல்வது. பூதப்பாண்டி என்ற ஊர்ப்பெயர் நமக்குத் தினமும் பஸ் போர்டில் கண்ணில் படுகிறது, அதே பெயர் கொண்ட ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் சொன்ன வஞ்சினம் புறநானூற்றில் 71-ஆம் பாட்டு. எதிரிகளை வெல்லாவிட்டால் இந்தப் பெரிய கண்களை உடைய என் மனைவியை நான் பிரிவேனாக, என் அறம் கூறும் அவையில் திறமையில்லாத ஒருவனை உட்காரவைத்து முறை தவறியவன் ஆவேனாக, என் நண்பர்களோடு சேர்ந்து மகிழும் மகிழ்ச்சியை இழப்பேனாக, அடுத்த பிறவியில் பாண்டியர் குடியில் பிறக்காமல் எங்கோ வறண்ட நிலத்தைக் காப்பவனாகப் பிறப்பேனாக என்கிறான். அவன் எதையெல்லாம் பணயம் வைக்கிறான் பாருங்கள். உயிரை வைக்கவில்லை, போருக்குப் போகிறவனுக்கு உயிர் ஏற்கெனவே பணயத்தில்தான் இருக்கிறது. மனைவி, நீதி, நண்பர்கள், பிறந்த குடி என்று தனக்கு எது பெரிதோ அதை வைக்கிறான். அடுத்த பாட்டில் நெடுஞ்செழியன் வைப்பது இன்னொரு வகை: குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும், கேட்டு வருபவருக்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும். ஒருவர் எதன்மேல் வஞ்சினம் கூறுகிறாரோ அதுதான் அவருக்கு உயர்ந்தது, இது அன்றைக்கும் இன்றைக்கும் பொருந்தும்.

சபதம் என்பதும் கிட்டத்தட்ட இதேதான், வடமொழி வழியாக வந்தது. சபதத்துக்கும் சாபத்துக்கும் வேர் ஒன்று. தவறினால் விழப்போகிற சாபத்தைத் தானே தன் தலையில் எடுத்து வைத்துக்கொள்வது சபதம் என்று புரிந்துகொண்டால் மறக்காது. இன்றைய பேச்சில் சபதத்துக்கு ஒரு கோப வாடை உண்டு. "அந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்னு சபதம் போட்டுட்டாரு" என்போமே தவிர, "நன்றாகப் படிப்பேன் என்று ஆசிரியரிடம் சபதம் போட்டான்" என்றால் ஏதோ சண்டை நடந்ததுபோலத்தான் கேட்கும்.

சூள் என்ற சொல் இப்போது பேச்சில் இல்லை. சங்க அகப்பாட்டுகளில் தலைவன் "பிரிய மாட்டேன்" என்று தெய்வத்தைச் சாட்சி வைத்துச் சொல்வது சூள், பொய்த்தால் அந்தத் தெய்வம் வருத்தும். குறுந்தொகையில் கபிலர் பாடிய ஒரு பாட்டில், மராமரத்தில் உறையும் தெய்வம் கொடியவரைத் தண்டிக்கும் என்கிறார்களே, என் தலைவர் துளியும் கொடியவர் அல்லர், என் நெற்றி பசந்தது நானே அவரை விரும்பி வாடியதால்தான் என்கிறாள் தலைவி. விட்டுப் போனவனின் சூளிலிருந்து அவனைக் காப்பாற்ற அவளே தெய்வத்திடம் வாதாடுகிறாள். சூளின் இரண்டாம் பாதியை அந்தக் காலத்தில் எவ்வளவு நிஜமாக நம்பினார்கள் என்பதற்கு இந்த ஒரு பாட்டு போதும்.

சரி, இப்போது சத்தியம். தமிழில் அதிகம் புழங்குவதும் அதிகம் தேய்ந்துபோனதும் இந்தச் சொல்தான். இதற்கு இரண்டு வேலை இருக்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். ஒன்று, நடந்துபோன காரியத்தைப் பற்றியது: "சத்தியமா நான் பார்க்கவில்லை". இன்னொன்று, நடக்கப்போவதைப் பற்றியது: "சத்தியமா வருவேன்". உறுதிமொழிக்கும் வஞ்சினத்துக்கும் நேர்ச்சைக்கும் இரண்டாவது வேலை மட்டும்தான் உண்டு. அதனால்தான் திருட்டு, கடன், எல்லைத் தகராறு என்று நடந்ததை நிரூபிக்க வேண்டிய இடத்தில் சத்தியம்தான் வந்து நிற்கும்.

ஊர்ப்பக்கம் சீட்டுப் பணத்தில் தகராறு என்றால் இன்றும் சிலர் கோயில் நடைக்குப் போகிறார்கள். தட்டிலோ தரையிலோ சூடன் கொளுத்திவைத்து, "நான் வாங்கல்ல" என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைக்கும் நேரம் ஒரு நொடிதான், ஆனால் கையைத் தூக்கிவிட்டுத் தயங்கினாரா, சொல்லிவிட்டு அணைத்தாரா அணைத்துவிட்டுச் சொன்னாரா, என்ன வார்த்தை சொன்னார் என்று சுற்றி நிற்கும் எல்லார் கண்ணும் காதும் அங்கேயே இருக்கும். "வாங்கல்ல" என்பதற்குப் பதில் "தர வேண்டியது இல்ல" என்று சொன்னால் உடனே யாராவது மறித்து, "அப்படிச் சொல்லப்பிடாது, வாங்கல்லன்னு சொல்லு" என்பார்கள். கடற்கரை ஊர்களில் குருசடி என்கிற சின்னச் சிலுவைக் கோயிலின் முன்னால் நின்று சொல்லச் சொல்வார்கள். இடமும் சாட்சியும் மாறும், இரண்டாம் பாதி தெய்வத்தின் கையில் என்பது மாறாது.

இந்த முறையின் மிகக் கடுமையான வடிவம் நம்ம சுசீந்திரத்திலேயே நடந்திருக்கிறது. நம்பூதிரிகள்மேல் ஒழுக்கக் குற்றச்சாட்டு வந்தால் சுசீந்திரம் கோயிலில் கொதிக்கும் நெய்யில் கையை விட்டுக் காட்ட வேண்டும், அதற்குக் கைமுக்கு என்று பெயர். கையைத் துணியால் கட்டிவைத்து, சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள், புண் இல்லை என்றால் குற்றம் இல்லை. இந்திரன் அங்கே கொதிநெய்யில் மூழ்கிச் சுத்தமானான் என்பது தலபுராணம், சுசி என்றால் தூய்மை, ஊர்ப் பெயருக்கே அதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் காலத்தில் இது நிறுத்தப்பட்டது. நல்ல காரியம். உண்மை சொன்னவன் கையும் கொதிநெய்யில் வேகும்தானே.

ஆணை என்றால் கட்டளை என்றும் பொருள், சத்தியம் என்றும் பொருள். "அரசாணை" வேறு, "உன்மேல் ஆணை" வேறு. சத்தியத்தைத் தனியாகவும் சொல்லலாம், ஆணைக்கு எப்போதும் ஒரு ஆள் வேண்டும், "அம்மையாணை", "தெய்வத்தாணை", "பிள்ளையாணை" என்று. இங்கே நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பூதப்பாண்டியனும் நெடுஞ்செழியனும் இழப்பேன் என்று சொன்னதெல்லாம் தங்கள் வாழ்வு, தங்கள் பெயர், தங்கள் பிறவி. நாமோ இரண்டாம் பாதியில் அம்மாவையோ பிள்ளையையோ தூக்கி வைத்துவிடுகிறோம். தவறு செய்பவர் ஒருவர், விளைவு இன்னொருவர் தலையில். அதிலும் சின்னப் பிள்ளையைப் பிடித்து, "அம்மா தலையில் அடித்துச் சத்தியம் பண்ணு" என்று உண்மையை வரவழைப்பது எனக்குத் துளியும் பிடிக்காத பழக்கம். ஒரு பென்சில் விஷயத்துக்குப் பொய் சொல்லிவிட்டு, அம்மாவுக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் தன்னால்தான் என்று அந்தப் பிள்ளை உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருக்கும், யாரிடமும் சொல்லவும் சொல்லாது. சட்டம்கூட இதில் நம்மைவிடப் பக்குவமாக இருக்கிறது. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளை சாட்சி சொல்ல வரும்போது, உண்மை பேச வேண்டும் என்ற கடமை அதற்குப் புரிகிறது, ஆனால் சத்தியம் என்றால் என்ன என்று புரியவில்லை என நீதிபதி கருதினால், சத்தியம் வாங்காமலே சாட்சியத்தைக் கேட்கலாம்.

சட்டத்துக்கு வந்துவிட்டதால் கோர்ட் விஷயத்தையும் பார்த்துவிடலாம். இப்போது நடைமுறையில் உள்ளது 1969-ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டம். சாட்சிக் கூண்டில் ஏறுகிறவருக்கு இரண்டு வழி திறந்திருக்கிறது: கடவுளின் பெயரால் சத்தியம் செய்யலாம், அல்லது கடவுளைச் சொல்லாமல் உளமார உறுதி கூறலாம், இரண்டுக்கும் எடை ஒன்றுதான். சினிமாவில் காட்டுவதுபோல் புனித நூலின்மேல் கை வைக்க வேண்டிய கட்டாயம் இந்தச் சட்டத்தில் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரிடம் சத்தியம் வாங்கவும் கூடாது, அவர் தன் தரப்புக்குத் தானே சாட்சியாக வந்தால் ஒழிய. இங்கே இரண்டாம் பாதியைச் சாட்சி வாயால் சொல்வதே இல்லை, அதைச் சட்டமே எழுதிவைத்திருக்கிறது: நீதிமன்ற நடவடிக்கையில் தெரிந்தே பொய்ச் சாட்சி சொன்னால் 7 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடுகிற பிரமாணப் பத்திரமும் இதே வகைதான். "சும்மா ஒரு அபிடவிட்தானே" என்று படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

கடவுள் பெயரால் ஆணையிட மறுப்பவர்கள் எல்லாம் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அண்ணா 1967-இல் முதலமைச்சராகப் பதவியேற்றபோது மனசாட்சிப்படி உறுதி கூறினார், திராவிட இயக்கத்தவர் பலர் அந்த வழியைப் பின்பற்றுகிறார்கள், அது ஒரு காரணம். இன்னொரு பக்கம், சத்தியமே பண்ண வேண்டாம், உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்ற இயேசுவின் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிற கிறிஸ்தவர்களும் உறுதி கூறுவதையே தேர்ந்தெடுக்கலாம். அப்புறம், "உளமார" என்று எழுதுங்கள். உள்ளம் நிறைய என்று பொருள். பேனர்களில் அடிக்கடி வரும் "உளமாற" என்றால் உள்ளம் மாற என்று ஆகிவிடும், உறுதிமொழியில் வரவே கூடாத பொருள்.

பிரமாணத்தைப் பற்றி நம்ம பழைய ராஜ்ஜியத்துக் கதை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. பத்மநாபபுரத்தில் இருந்து ஆண்ட மார்த்தாண்ட வர்மா 1750-இல் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்தார், அதன்பின் வந்த மன்னர்கள் எல்லாம் பத்மநாபதாசர்கள், சுவாமிக்குப் பதிலாக ஆள்கிறவர்கள். 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் ராஜப்பிரமுகர், அதாவது ஆளுநர்போல் புது மாநிலத்தின் தலைவர், ஆக வேண்டியிருந்தது, குமரி அப்போது திருவிதாங்கூரில்தான் இருந்தது. ஏற்கெனவே ஒரு விசுவாசத்துக்குக் கட்டுப்பட்டவன், இன்னொரு பதவிப் பிரமாணம் எடுக்க முடியாது என்றார் அவர். கடைசியில் பிரமாணத்துக்குப் பதிலாக எழுத்தில் உறுதி கொடுத்தால் போதும் என்று இந்திய அரசு ஏற்றுக்கொண்டது. இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால் கொடுத்த வாக்கு ஒன்று புதிய நாட்டின் பிரமாணத்தையே வழிவிடச் செய்திருக்கிறது.

உறுதிமொழி எல்லார்க்கும் தெரிந்தது, பாடப்புத்தகத்தின் முதல் பக்கங்களில் இருப்பது, ஜனவரி 30 அன்று அரசு அலுவலகங்களில் எடுக்கும் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி. பலர் சேர்ந்து, கையை நீட்டி, ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்வது. இதில் இரண்டாம் பாதி பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

நேர்ச்சை அப்படி இல்லை. மற்ற ஊர்க்காரர்கள் வேண்டுதல், நேர்த்திக்கடன் என்பதைத்தான் நாம் நேர்ச்சை என்கிறோம், கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் தர்காவுக்கும் இங்கே ஒரே சொல். சி.எஸ்.ஐ. சபைக்காரர்கள் பைபிள் வழியாகப் பொருத்தனை என்றும் சொல்வார்கள். நேர்ச்சையின் அமைப்பே வேறு. "தவறினால் இது ஆகட்டும்" என்று தொடங்குவதில்லை, "இது நடந்தால் இதைத் தருவேன்" என்று தொடங்குகிறது. முதலில் தெய்வம் செய்ய வேண்டும், அப்புறம்தான் நம் முறை. அதனால்தான் கடன் என்ற சொல் அதோடு ஒட்டிக்கொண்டது, கேட்டது நடக்காவிட்டால் நாம் கொடுக்க வேண்டியதும் இல்லை. தலைவலி தீர்ந்தால் மண்டைக்காட்டு அம்மனுக்கு மண்டையப்பம், கை கால் சுகமானால் கை கால் உருவம், அப்புறம் வெடி வழிபாடு என்று கேட்டதற்கும் கொடுப்பதற்கும் ஒரு பொருத்தமும் பார்ப்பார்கள்.

கொல்லங்கோடு பத்திரகாளி கோயிலில் பங்குனி மாதம் நடக்கும் தூக்க நேர்ச்சையைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் தெரியும். பிள்ளை வேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்கள், பிறந்த பச்சைக் குழந்தையைக் கொண்டுவருகிறார்கள். மரத் தேரில் வில் என்று சொல்லும் நீண்ட மரங்கள் இருக்கும், அதன் நுனியில் தூக்கக்காரரைத் துணியால் கட்டி, அவர் கையில் குழந்தையைக் கொடுப்பார்கள். வில் மேலே எழும்பும், தேர் கோயிலைச் சுற்றி வரும். கீழே குழந்தையின் அம்மா அண்ணாந்து பார்த்தபடி கூடவே ஓடுவார், இறங்கியதும் முதல் வேலையாகக் குழந்தையை வாங்கி மார்போடு அணைப்பார். நேர்ந்தது பெற்றோர், விரதம் இருந்து தொங்குவது தூக்கக்காரர், மேலே போவது குழந்தை. ஒரு வாக்கை மூன்று பேர் சேர்ந்து நிறைவேற்றுகிறார்கள், சத்தியத்தில் இது நடக்கவே நடக்காது. நேர்ச்சையை இன்னொருவர் நமக்காகச் செலுத்தலாம் என்பது நம்ம பக்கம் பெரிய ஆறுதல். மகன் வளைகுடாவில் இருப்பான், நேர்ந்தது அவன், போய்ச் செலுத்துவது அம்மா.

வார்த்தைப்பாடு கத்தோலிக்கத் துறவிகளின் சொல். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்றுக்கும் கொடுப்பது. முதல் வார்த்தைப்பாடு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், அதைப் புதுப்பித்துப் புதுப்பித்து, கடைசியில்தான் நித்திய வார்த்தைப்பாடு. வாழ்நாள் வாக்கை ஒரே மூச்சில் வாங்கிவிடாமல் ஆற அமர யோசிக்க விடுகிற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

கடைசியாக வாக்கு. இதற்குச் சூடனும் வேண்டாம், தெய்வமும் வேண்டாம். "வாக்குக் கொடுத்துட்டேன்" என்றால் போதும். இரண்டாம் பாதியில் இருப்பது ஊரில் நம் முகம் மட்டும்தான். நிச்சய தாம்பூலத்தில் வெற்றிலை கைமாறியபின் பின்வாங்கினால் இன்றும் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய தலைகுனிவு இல்லை. நடக்கப்போகிற காரியத்துக்கு யாரிடமாவது உறுதி கேட்க வேண்டும் என்றால் சத்தியம் கேட்காதீர்கள், வாக்குக் கேளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். சத்தியம் கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிறது, வாக்குக் கேட்டால் அவர் பெயருக்கு மதிப்பு இருக்கிறது என்று ஆகிறது.

வாக்கு, சட்டத்துக்கு உள்ளேயும் நிறையவே இருக்கிறது. உங்கள் பாக்கெட்டில் உள்ள பத்து ரூபாய் நோட்டில்கூட, இதைக் கொண்டுவருபவருக்கு இத்தனை ரூபாய் தர வாக்களிக்கிறேன் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கல்யாணம் செய்துகொள்வதாக, செய்யும் எண்ணமே இல்லாமல் வாக்குக் கொடுத்து ஒரு பெண்ணை உறவுக்கு இணங்கவைத்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆம் பிரிவுப்படி 10 ஆண்டு வரை சிறை. நம்ம ஊர் புரோநோட்டும் ஒரு வாக்குதான், கேட்கும்போது தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டது. கேட்டவுடன் தருவதாக எழுதிய நோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும், தாண்டினால் காலாவதி. ஆனால் காலாவதியான கடனையும் "தந்துவிடுகிறேன்" என்று புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 25-ஆம் பிரிவுப்படி அது புது ஒப்பந்தம் ஆகிவிடும். அதனால் பழைய கடனுக்கு யாராவது ஒரு தாளை நீட்டினால், முதலில் பழைய நோட்டின் தேதியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அப்புறம் பேனாவை எடுங்கள்.